கிரயத்துக்கு முன்

உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி ரோட்டில் போகிறவர்கள், மலுமிச்சம்பட்டி தாண்டியதும் வேலிகளைக் கவனித்துப் பாருங்கள். ஒத்தக்கால்மண்டபத்திலிருந்து கிணத்துக்கடவு வரை தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. தோட்டம் வீட்டுடன் விற்பனைக்கு. ரோடு டச். வற்றாத கிணறு. த்ரீ பேஸ் சர்வீஸ். 2024 ஆகஸ்ட் 9-ல் உக்கடம் மேம்பாலம் திறந்த பிறகு புரோக்கர்களின் பேச்சில் ஒரு வரி கூடிவிட்டது. "பாலம் வந்துருச்சுங்க. இனி உக்கடம் அரை மணி நேரந்தானுங்க." ஐந்து ஏக்கர் பூமியும் தொட்டிக்கட்டு வீடும் கிணறும் களமும் சேர்ந்த ஒரு வாழ்க்கை, நகரத்திலிருந்து எத்தனை நிமிடம் என்ற கணக்கில்தான் இப்போது விலை பேசப்படுகிறது.

எங்கள் தோட்டத்து வேலியிலும் அப்படி ஒரு பலகை ஏறப்போகிறது. விற்பதா வேண்டாமா என்று கூடப்பிறந்தவர்கள் நாலு பேரும் பேசி முடித்துவிட்டோம். விற்பதுதான். எப்படி விற்பது, யாருக்கு விற்பது, விற்பதற்கு முன்னால் யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறோம். இந்தக் கேள்வி இன்று கொங்கு நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் அதை வாய்விட்டுக் கேட்காமலே பத்திர ஆபீசுக்குப் போய்விடுகிறோம்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பாரு காலத்தில் அது வெறும் சாளை. நாட்டு ஓடு வேய்ந்த ஒற்றை அறை, பக்கத்தில் கட்டுத்தறி. மாடு கன்றுக்குக் காவலாக ஊரை விட்டுத் தோட்டத்துக்கே குடிவந்தவர்கள், வெள்ளாமை கைகொடுத்த வருசங்களில் அதை ஒவ்வொரு கட்டாக வளர்த்தார்கள். முன்னால் ஆசாரம் வந்தது. நடுவில் மழை நேராக இறங்கும் தொட்டி, சுற்றித் தாவாரம், தானிய மூட்டைக்கு அட்டாலி, பின்னால் பொடக்காளி. தை மாதம் பட்டிப் பொங்கலன்று கட்டுத்தறி முன்னால் சாணியும் மண்ணும் குழைத்துத் தெப்பக்குளம் கட்டி, கன்றுக்குட்டிகளை அதில் மிதிக்கவிட்டு ஓட்டுவோம். வருசத்தில் மற்ற நாளெல்லாம் வேலை. ஆத்தா உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் வீட்டைக் கட்டியது ஓடும் மரமும் இல்லை, கிணறு. எண்பது அடி ஆழம், பாதிக்கு மேல் கருங்கல். போயர் மக்கள் பாறையில் துளை போட்டு, வெடி வைத்து, கூடை கூடையாகக் கல் ஏற்றி வெட்டிய கிணறு அது. மின்சாரம் வருவதற்கு முன்னால், எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டினார்கள். எருதுகள் சரிவான வாரியில் இறங்கினால் தண்ணீர்ப் பறி மேலே வரும், பின்னேறினால் பறி கிணற்றுக்குள் இறங்கும். விடிவதற்கு முன்னால் பூட்டினால் வெயில் ஏறும் வரை. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது. மில்லுக்குப் போன கம்பி மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கும் நீண்டது. இங்கேயே வார்ப்படம் போட்டு இங்கேயே மோட்டார் செய்த ஊர் இது. கவலை எருதை விற்று மோட்டார் வாங்கினார்கள். பிறகு அந்த மின்சாரத்துக்கே போராட வேண்டியிருந்தது. கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கட்டை வண்டிகளைக் கோவை நகரத்துக்குள் ஓட்டி வந்து தெருக்களை அடைத்து நின்றார்கள். எங்கள் ஊர் வண்டிகளும் அதில் இருந்தன. அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய குரல் மாறிவிடும். நகரம் தங்களைத் திரும்பிப் பார்த்த ஒரே நாள் என்று அவர் அதை நம்பினார்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. எண்பது அடிக் கிணறு போதாமல் போர் போட்டார்கள். ஐந்நூறு அடி, எண்ணூறு அடி, ஆயிரம் அடி. பருத்தியும் சோளமும் போய்த் தென்னை வந்தது, ஆள் குறைவாகப் போதும் என்பதால். அந்தத் தென்னைக்கு வேர் வாடல் நோய் வந்தது. பொள்ளாச்சி வட்டாரத்தில் 2016-ல் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ எங்கள் தோப்புக்கும் வந்து மட்டைகளைக் கரி பூசிய மாதிரி ஆக்கியது. ஆனாலும் நாங்கள் ஊரை விட்டது நோயாலோ தண்ணீர்ப் பஞ்சத்தாலோ அல்ல என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கிணறு நன்றாகச் சுரந்த காலத்திலேயே அப்பா எங்களைப் படிக்க அனுப்பினார். தோட்டத்தை விட்டுப் போவதற்காகத்தான் தோட்டம் எங்களைப் படிக்க வைத்தது. அண்ணன் திருப்பூருக்குப் போனார். பெரிய அக்கா உடுமலையிலும் சின்ன அக்கா பல்லடத்திலும் வாழ்க்கைப்பட்டார்கள். நான் உக்கடத்தில், பெரியகுளத்துக்குப் பக்கத்தில் தங்கிவிட்டேன். பிள்ளைகளில் ஒருவருக்கும் அங்கே போய் இருக்கும் எண்ணம் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்கள் போன வழியில்தானே அவர்களும் போகிறார்கள்.

மண்ணை விற்கிறவன் தாயை விற்கிறவன் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் இருக்கும் பாசத்தை மதிக்கிறேன். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்கு ஓடு நழுவும், அடுத்த மழைக்குத் தொட்டியின் சுவர் ஊறும், மூன்றாம் வருசம் கரையான் நிலைப்படியில் ஏறிவிடும். அடுப்பு எரியாத வீட்டைப் புகை காப்பாற்றாது. விற்க மனமில்லாமல், இருக்க ஆளில்லாமல், வருசத்துக்கு ஒரு தரம் பொங்கல் வைக்கப் போய்வரும் வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்ல முடியாது. சாகட்டும் என்று விட்டுவிட்டு, சாகும்போது பக்கத்தில் இல்லாமல் இருக்கிறோம்.

ஜப்பானில் இப்படி ஆளில்லாத வீடுகளுக்கு அகியா என்று பெயர். 2023-ல் அரசு எடுத்த கணக்கில் அவை ஏறக்குறைய 90 லட்சம். செத்தவர் பெயரிலேயே கிடக்கும் சொத்துகளால் ஊர்ப்புறத்தில் யாருடைய நிலம் யாருக்கு என்றே தெரியாமல் போய்விட்டதால், வாரிசு பெயருக்கு மூன்று வருசத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் சட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே உள்ளூர்களில் வாங்க ஆள் இல்லை. கோவையைச் சுற்றி நிலைமை தலைகீழ். வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது, வாழத்தான் ஆள் இல்லை. அதனால் ஜப்பான்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது: விலை நல்லபடி கிடைக்கும்போது, அந்த விலையைக் கொண்டு பழைய கணக்குகளை நேர் செய்ய முடியும். ஒரு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து முடிவு எடுப்பதற்குக் கடைசி வேளை பெரும்பாலும் இந்தக் கிரயம்தான். பணம் பிரிந்த பிறகு யாரும் ஒன்றாக உட்காரப் போவதில்லை.

முதல் கணக்கு அக்காக்களுடையது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் சபைக்கு நடுவே வந்து நிற்பாள். அவள் இல்லாமல் சடங்கு நகராது. அண்ணன் கல்யாணத்தில் பெரிய அக்கா பட்டுச் சேலை கட்டி இணைச்சீர் செய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே அக்கா பத்திர ஆபீசில் யார்? எத்தனையோ குடும்பங்களில், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறவள். "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, இனி எதுக்கு" என்று கேட்பதுதான் நடைமுறை. ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' நாவலில் இதைத் தொட்டார். புருசன் செத்த ஒருத்தி தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி கடைசியில் ஒரு கொலையில் போய் முடிகிறது. கொங்கு வட்டாரப் பேச்சை எழுத்துக்குக் கொண்டு வந்த நாவல் என்று அதைப் புகழ்கிறோம். அதன் நடுவில் இருப்பது ஒரு பெண்ணின் பாகம் என்பதைப் பேசுவது குறைவு.

சட்டம் மெல்லத்தான் வந்தது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு அப்பாவின் பங்கில் ஒரு பகுதியைத் தந்தது. மகனைப் போலப் பிறப்பால் வரும் உரிமையைத் தரவில்லை. தமிழ்நாடு 1989-ல் அதையும் தந்தது, ஆனால் அந்த வருசம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்களை வெளியே நிறுத்திவிட்டது. பெரிய அக்காவுக்கு அதற்கு முன்னாலேயே கல்யாணமாகிவிட்டது, சின்ன அக்காவுக்குப் பின்னால். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு தேதி கோடு கிழித்தது. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. இப்போது எங்கள் ஐந்து ஏக்கரில் நாலு பேருக்கும் சமபங்கு. அண்ணன் இதில் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. அவர் நல்ல மனிதர் என்பதற்காக இதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கடுத்த கணக்கில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

அந்தக் கணக்கைக் கிளப்பியது பெரிய அக்காதான்.

தோட்டத்தின் தெற்கு மூலையில் இரண்டு அறை வீடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அருந்ததியர் குடும்பம். அவருடைய அப்பா எங்கள் பண்ணையத்தில் கவலை ஓட்டினார். இவர் மடை கட்டினார், மாடு பார்த்தார், தென்னை வைத்தார். இப்போது வீட்டைக் கூட்டி, கன்னிமார் கல்லுக்கு விளக்கு வைத்து, நாங்கள் பூட்டிவிட்டுப் போனதைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பதும் அவர்கள்தான். எங்கள் வீட்டில் நடை பழகிய குழந்தை அவரைப் பேர் சொல்லி "வா, போ" என்று கூப்பிட்டது. தாடி நரைத்த அவர் அந்தக் குழந்தையை "சின்ன சாமீ" என்றார். அவர் ஆசாரத்துக்குள் வந்ததில்லை. அவருக்குக் காப்பி தனி டம்ளரில் போயிற்று. அந்த வீட்டின் அழகைப் பற்றி எழுத உட்காருகிற யாரும் இதை எழுதாமல் விட்டால், எழுதியது வீட்டைப் பற்றி ஆகாது.

குத்தகைக்காரராக இருந்திருந்தால் 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குக் கைகொடுத்திருக்கும். பண்ணையத்து ஆளுக்கு அதுவும் இல்லை. கூலி, பண்டிகைக்கு வேட்டி, பிள்ளை கல்யாணத்துக்கு முன்பணம், அந்த முன்பணத்துக்கு வருசக் கணக்கில் வேலை. கிரயப் பத்திரம் எழுதுகிறவர் கிணற்றை எழுதுவார், மோட்டார் சர்வீஸ் நம்பரை எழுதுவார், மரம் மட்டை, மாமூல் வண்டித்தடம் எல்லாம் எழுதுவார். இரண்டு தலைமுறை உழைத்த மனிதரின் பெயர் வர அதில் இடமே இல்லை. வாங்குகிறவர் கேட்பது "காலி பூமியா குடுப்பீங்களா?" என்பதுதான். காலி என்றால் அவரைக் காலி செய்து தர வேண்டும்.

நான் இருக்கிற உக்கடத்திலேயே இது என் கண் முன்னால் நடந்தது. மேம்பாலத்துக்கு வழிவிட்டு சி.எம்.சி. காலனித் தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் தலைமுறையாக இருந்த வீடுகளைக் காலி செய்தன. அவர்களும் அருந்ததியர்கள்தான். அந்தப் பாலம் வந்ததால் எங்கள் நிலத்தின் விலை ஏறியிருக்கிறது. ஒரே பாலத்தின் இந்த முனையில் வீடு போயிற்று, அந்த முனையில் விலை கூடிற்று. இதை அறிந்த பிறகு கூடுதல் விலையை முழுக்க என் சாமர்த்தியம் என்று பையில் போட்டுக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

ஐந்து லட்சம், பத்து லட்சம் ரொக்கமாகக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் பேச்சு தொடங்கியது. பெரிய அக்கா ஒரே வரியில் அதை நிறுத்தினாள். "ஏக்கர் அஞ்சு இருக்குதில்ல? நாலு பேருன்னு வெக்காதீங்க, அஞ்சு பேருன்னு வெய்யுங்க." அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நிலத்தை நிலமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு தஞ்சைப் பகுதிக்குப் போன காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அங்கேயே தங்கி, 1981-ல் லாப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலம் வைத்திருந்தவர்களிடம் உட்கார்ந்து விலை பேசி வாங்கி, நிலமில்லாத பெண்களின் பெயரில் ஏக்கர் ஏக்கராகப் பதிவு செய்தார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் அப்படிக் கைமாறியது. விற்பனையே நியாயத்துக்கு வழியாக முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அங்கே விற்ற மிராசுதாரர்கள் யாரும் மண்ணுக்குத் துரோகம் செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழக அரசும் நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க தாட்கோ வழியாக நன்னிலம் என்ற திட்டத்தில் பாதி விலையை, 5 லட்சம் ரூபாய் வரை, மானியமாகத் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் கோவையைச் சுற்றியுள்ள விலைக்கு அந்தப் பணம் ஏக்கர் கணக்கில் வராது, சென்ட் கணக்கில்தான் வரும். இங்கே நிலம் வைத்திருக்கிறவர்கள் தாங்களாக இறங்கி வந்தால் ஒழிய அது நடக்காது.

பத்திர ஆபீசில் விசாரித்தேன். குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தாள் கட்டணம் ஒரு சதவீதம், அதற்கும் ஓர் உச்ச வரம்பு. பெரியவருக்குத் தானமாக எழுதினால் கிரயத்துக்கு உள்ள அதே செலவு, முத்திரையும் பதிவும் சேர்ந்து 9 சதவீதம். சட்டத்தின் பார்வையில் திருப்பூரில் பிறந்து தோட்டத்தில் ஒரு நாள் தங்காத அண்ணன் பேரன் சொந்தம். அங்கேயே பிறந்து அங்கேயே கிழவரானவர் வெளியாள்.

அண்ணனுடைய சங்கடத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. அவர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஆர்டர் சுருங்கி, வங்கிக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறது. சைட் போடுகிற ஒரு கம்பெனி நல்ல விலை சொல்கிறது. ரோட்டுக்கு இடம் விட்டு, பூங்காவுக்கு விட்டு, நகர் ஊரமைப்பு அனுமதி வாங்கி, மீதியைச் சென்டு சென்டாக விற்றாலும் அவர்களுக்குக் கட்டும். நெகமத்துப் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவரும் கேட்கிறார். அவருக்குத் தென்னையும் வேண்டும், கட்டுத்தறியும் வேண்டும், வீட்டையும் இடிக்க மாட்டேன் என்கிறார். விலை கால்வாசி குறைவு. "கால்வாசின்னா சும்மாவா தம்பி?" என்று அண்ணன் கேட்கிறார். சும்மா இல்லை. அவருடைய தூக்கம் அந்தக் கால்வாசியில் இருக்கிறது.

ஆனால் சைட் போட்டால் கிணறு மூடப்படும். அந்தக் கிணற்றில் பங்காளி வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் முறை உண்டு, அப்பாரு காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதியது. பங்காளி மகன் இன்னும் தக்காளி போடுகிறவன், கிணத்துக்கடவுச் சந்தைக்கு இன்னும் பெட்டி ஏற்றுகிறவன். எங்கள் கிணறு மூடினால் அவனும் அடுத்த வருசம் பலகை மாட்ட வேண்டியதுதான். ஒருவர் சைட் போட்டால் அந்தப் பக்கமே சைட்டாகிப் போவது இப்படித்தான். தண்ணீர் முறை அறுபடுகிறது, தடம் அடைபடுகிறது, இரவில் மருந்தடித்தால் புதுக் குடித்தனக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். கடைசியில் விவசாயம் செய்ய நினைக்கிறவனாலும் செய்ய முடியாமல் போகிறது. விற்பது எங்கள் உரிமை. பக்கத்துத் தோட்டத்துக்காரனையும் சேர்த்து விற்பதற்கு எங்களுக்கு என்ன உரிமை?

இதைத்தான் அண்ணனிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, பண்ணைக்காரருக்கே கொடுக்கலாம், ஆனால் கடனுக்கு உண்டான தொகையாவது தனக்குக் குறையாமல் வர வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. தெற்கு மூலையில் அரை ஏக்கருக்கு அவர் சம்மதித்தார். மீதி அரை ஏக்கரை அக்காக்கள் இருவரும் நானும் எங்கள் பங்கில் விட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. பத்திரச் செலவு என் பொறுப்பு. பத்திரம் பெரியவர் மனைவி பெயரில்தான் இருக்க வேண்டும் என்று சின்ன அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் நாளைக்கு அவரை ஏமாற்றினாலும் ஏமாற்றலாம், அவளை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை என்பது அவள் கணிப்பு. கிணற்றில் அந்த ஏக்கருக்கும் ஒரு முறை, மெயின் ரோட்டிலிருந்து பத்தடி வண்டித்தடம், பங்காளி வீட்டின் மூன்று நாள், இவை எல்லாம் பண்ணைக்காரருக்கு எழுதும் கிரயப் பத்திரத்தில் தனித்தனியாக வர வேண்டும். வாய்ப்பேச்சுக்கு எங்கள் தலைமுறையோடு மதிப்புத் தீர்ந்துவிடும்.

பெரியவரிடம் அக்காதான் போய்ச் சொன்னாள். அவர் நம்பவில்லை. பத்திரம் கைக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்றாராம். அவர் கண்ட அனுபவத்துக்கு அதுதான் சரியான பதில். உட்பிரிவு செய்ய அளவைக்குப் பணம் கட்டியாயிற்று. சர்வேயர் வந்ததும் தெற்கு மூலையில் அந்த ஒரு ஏக்கரைத்தான் முதலில் அளந்து கல் நடப்போகிறோம். அது பதிவாகி அந்த அம்மாள் பெயருக்குப் பட்டா மாறிய பிறகுதான் பண்ணைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்குவது.